அடிவாரத்தில் ஒரு ராத்திரி

போன மாசம் கோயமுத்தூர் ஏர்போர்ட் பக்கத்துல ஒரு லாட்ஜ்ல ஒரு ராத்திரி தங்க வேண்டி வந்தது. தங்கினோம்னு சொல்றதே கொஞ்சம் ஓவர். ராத்திரி ஒன்பதரைக்கு ரூமுக்குள்ள போய், விடியக்காலை மூன்றரைக்கு சாவியைத் திருப்பிக் கொடுத்தாச்சு. ஆறு மணி நேரத்துக்கு 1,400 ரூபாய். "மணிக்கு எவ்வளவு ஆகுதுன்னு கணக்குப் போட்டியாடா?" என்று அப்பா மூணு தடவை கேட்டார். போட்டேன். 233 ரூபாய் சொச்சம். அவரிடம் சொல்லவில்லை.

குன்னூரிலிருந்து ஏர்போர்ட் எண்பது கிலோமீட்டருக்குள்தான். ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பினால் விடியக்காலை விமானத்தைப் பிடித்துவிடலாமே என்று சமவெளிக்காரர்கள் கேட்பார்கள். மலைக்காரன் அப்படி யோசிக்க மாட்டான். 1993 நவம்பரில் மரப்பாலத்துல ரோடும் ரயில் பாதையும் சேர்ந்து அடிச்சுக்கிட்டுப் போனதைப் பார்த்த ஊரு. 2009 நவம்பர் மழையில் மாவட்டத்துல நாற்பது பேருக்கு மேல செத்தாங்க, எங்க ஊரே தீவாயிடுச்சு. அதெல்லாம் இல்லாத நாளிலும் ஒரு மரம் சாய்ந்தால் போதும், பர்லியாருக்கு மேல வண்டி வரிசை கட்டி நிற்கும். ஆனை ரோட்டுக்கு வந்து நின்னா அது பாட்டுக்கு யோசிச்சு, அது பாட்டுக்கு முடிவெடுத்து நகர்ற வரைக்கும் காத்திருக்கணும். அதனால் முக்கியமான பயணம்னா முதல் நாளே கீழே இறங்கிடுவோம். ஒரு ராத்திரி கீழே. இது எங்க ஊரில் எழுதப்படாத சட்டம்.

லாட்ஜ் எப்படின்னு கேட்டா, பேருல ஏர்போர்ட் இருக்கும், ஜன்னலைத் திறந்தா பக்கத்துக் கட்டடத்து தண்ணி டேங்க் தெரியும். அவினாசி ரோட்டிலிருந்து சிட்ரா பக்கம் திரும்பினா அந்த மாதிரி நிறைய இருக்கு. ரிசப்ஷன்ல திருப்பூர் பனியன் வியாபாரத்துக்கு வந்த ரெண்டு வடக்கத்தி ஆளுங்க, வளைகுடாவுக்குப் போற பையனை வழியனுப்ப வந்த ஒரு குடும்பம். ஒரு ஆளுக்கு ரூம் போட்டுட்டு ஏழு பேர் உள்ளே போகலாமான்னு பேரம் நடந்துக்கிட்டிருந்தது. பில் புக்கில் முகவரியைப் பார்த்தேன். 'சிவில் ஏரோட்ரோம் போஸ்ட்'. பீளமேட்டு விமானத் திடல் 1940களின் சமாச்சாரம். ஏரோட்ரோம்ங்கிற வார்த்தையை உலகமே மறந்து, 2012ல் இது சர்வதேச விமான நிலையமும் ஆயிட்டது. தபால்காரர் மட்டும் அந்தப் பழைய பேரைக் காப்பாத்திக்கிட்டு வர்றார்.

ரிசப்ஷன் தம்பி சாவியோடு ஒரு கொசுவத்திச் சுருளும் கொடுத்தார். "ஏசி ரூம்ல எதுக்குப்பா?" என்றேன். "ஏசி சில சமயம் நின்னுடும் சார்" என்றார், ரொம்ப நேர்மையாக. ஆக மக்களே, நான் எத்தனையோ தடவை கொசுவத்தி சுத்தியிருக்கேன். நிஜக் கொசுவத்தியை ஏத்தி வச்சுக்கிட்டு சுத்தறது இதுதான் முதல் தடவை :-)

சரி, மேட்டருக்கு வருவோம். படுத்தா தூக்கம் வரலை. நீலகிரிக்கு ஏறவோ இறங்கவோ அடிவாரத்துல ஒரு ராத்திரி கட்டணும்ங்கிற இந்த வரி எப்ப ஆரம்பிச்சதுன்னு யோசனை ஓடுச்சு.

வெள்ளைக்காரன் கணக்குப்படி ஆரம்பிக்கிறதுன்னா 1818. கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் உதவியாளர்கள் ரெண்டு பேர், விஷ், கிண்டர்ஸ்லி, மேலே ஏறிப் பார்த்துட்டு வந்து, "சார், அங்கே குளிருது!" என்கிற மாதிரி ஒரு சேதி சொன்னாங்க. அடுத்த வருஷம் சல்லிவனே ஏறினார். அந்தக் காலத்துல மலைக்குப் போறவங்க கடைசியா சமவெளியில் மூச்சு வாங்கின இடங்கள்ல ஒண்ணு தண்ணாயக்கன்கோட்டை. ஹொய்சாளர் காலத்துத் தண்டநாயகர் பேரைச் சுமந்த கோட்டை. இப்ப அதைத் தேடிப் போனா பார்க்க முடியாது. 1955ல் முடிந்த பவானிசாகர் அணைக்குள்ள முங்கிடுச்சு. தண்ணி ரொம்ப வத்தின வருஷங்கள்ல மாதவராயப் பெருமாள் கோயில் மட்டும் சேத்துக்குள்ளேயிருந்து தலையை நீட்டும், நியூஸ் பேப்பர்ல போட்டோ வரும். நீலகிரியோட ஆதி 'ஏர்போர்ட் லாட்ஜ்' தண்ணிக்கடியில இருக்குன்னு நான் சொன்னா, தொல்லியல்காரங்க அடிக்க வருவாங்க. நானா சொல்லிக்கிறேன்.

சல்லிவன் முதலில் வீடு கட்டினது கோத்தகிரி பக்கம் திம்பட்டியில். 1820களின் ஆரம்பத்தில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரி வழியாக ஒரு பாதை போட்டாங்க. ஊட்டியில் அவர் கட்டின கல் பங்களா இன்னும் அரசு கலைக்கல்லூரிக்குள்ள இருக்கு. 1830களின் தொடக்கத்தில் குன்னூர் கணவாய்ப் பாதை வந்ததும் சிறுமுகையின் மவுசு போச்சு, மேட்டுப்பாளையத்துக்கு யோகம் அடிச்சது. பவானிக்கரை, பாக்குத் தோப்பு, அதைத் தாண்டினா கல்லாறு, அப்புறம் நேரே ஏத்தம். மலையேறணும்னா மேட்டுப்பாளையத்துல வந்து நின்னுதான் ஆகணும்.

ஆனா அங்கே தூங்கறதுக்கு எல்லாருக்கும் பயம். காரணம் காய்ச்சல். காட்டுக்காய்ச்சல்னு பேரு. அடிவாரக் காட்டுக்குள்ள ராத்திரி தங்கக்கூடாது, பொழுதோட கடந்துடணும்னு அந்தக் காலத்துல ஊருக்குப் புதுசா வர்ற துரைமாருக்குப் புத்தி சொல்லுவாங்க. ராத்திரிக் காத்துதான் விஷம்னு நம்பினாங்க. சதுப்பிலிருந்து கிளம்புற கெட்ட ஆவின்னு தியரி. மலேரியாங்கிற வார்த்தைக்கே இத்தாலிய மொழியில 'கெட்ட காத்து'ன்னுதானே அர்த்தம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு கதை இருக்கு. 1897ல் ரொனால்ட் ராஸ் என்கிற ராணுவ டாக்டர் லீவுல ஊட்டிக்கு வந்தார். மனுஷன் லீவுலயும் சும்மா இருக்கலை. மலேரியா எப்படிப் பரவுதுன்னு பார்க்கறேன்னு மலையோட அந்தப் பக்கம், மைசூர் போற வழி, சீகூர் கணவாய்க்கு இறங்கினார். கல்லட்டிப் பக்கம் சுத்தினவருக்கு அவருக்கே மலேரியா வந்துடுச்சு! ஆராய்ச்சின்னா இப்படி இருக்கணும். அதே வருஷம் ஆகஸ்ட் 20ம் தேதி செகந்திராபாத்தில் கொசுவின் வயித்துக்குள்ள மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிச்சார். 1902ல் நோபல் பரிசு. அடிவார ராத்திரி ஏன் ஆளைக் கொல்லுதுங்கிற கேள்விக்கு விடை கிடைச்சது அப்பதான். காத்து பாவம், குத்தமே பண்ணலை.

இப்ப ஒரு விஷயம். சீக்குக்குப் பயந்து பகல்லயே கடந்துபோன துரையைப் பத்தி எழுதி வச்சிருக்காங்க. அந்தத் துரையைப் பல்லக்கிலயும் மஞ்சல்லயும் தூக்கிக்கிட்டு ஏறினவன் எங்கே தூங்கினான்? மேலே ஏத்திவிட்டுட்டுத் திரும்ப கீழே வந்து, அடுத்த துரைக்காகக் காத்திருக்கணுமே. அவனுக்குத்தான் தினம் தினம் அடிவார ராத்திரி. மெக்காலே 1834ல் சென்னையிலிருந்து ஊட்டிக்கு மனுஷங்க தோள்லயே வந்தார். அந்தப் பயணம் அவர் வாழ்க்கை வரலாற்றில் இருக்கு. தோள் கொடுத்தவங்க பேரு ஒண்ணுகூட நமக்குத் தெரியாது. துரைக்கு டிராவலர்ஸ் பங்களாவில் கட்டில், கொசுவலை, சமையல்காரன். மத்தவனுக்குப் புளியமரம்.

1873ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது. அதுக்கு மேல ரயில் இல்லை. கிட்டத்தட்ட 26 வருஷம் ஊட்டிக்குப் போறவங்க எல்லாரும் மேட்டுப்பாளையத்துல இறங்கி, குதிரை டோங்காவில்தான் ஏறினாங்க. வழியில அங்கங்கே குதிரை மாத்தணும். மூட்டை முடிச்செல்லாம் மாட்டுவண்டியில பின்னால வரும், எப்ப வரும்னு மாட்டுக்குத்தான் தெரியும். 1870லிருந்து சென்னை அரசாங்கமே கோடைக்கு ஊட்டிக்குக் குடிபோக ஆரம்பிச்சதால, கவர்னரிலிருந்து குமாஸ்தா வரைக்கும் ஃபைல் கட்டோட வருஷா வருஷம் இந்த ஊரைத் தாண்டிப் போனாங்க. கும்பகோணத்துலயோ திருநெல்வேலியிலயோ பிறந்த ஒரு குமாஸ்தா, கம்பளி சால்வையை முதல் தடவையா வாங்கி மடியில வச்சுக்கிட்டு மேட்டுப்பாளையத்துல உக்காந்திருக்கறதை நினைச்சுப் பாருங்க. அவரும் எதுவும் எழுதி வைக்கலை. வச்சிருந்தா எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்.

மலை ரயில் கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், சுருக்கமாச் சொல்லிடறேன். 1891ல் வேலை ஆரம்பம், கம்பெனி திவால், வேற கம்பெனி கைக்கு மாறி 1899 ஜூனில் குன்னூர் வரைக்கும் ஓடுச்சு. 1908ல் ஊட்டி. பல்சக்கரத்தைக் கவ்வி ஏறுற ஆப்ட் முறை, 12 அடிக்கு ஒரு அடி ஏத்தம், 46 கிலோமீட்டர். 2005ல் யுனெஸ்கோ பட்டியல். டேவிட் லீன் படம் எடுத்தார், மணிரத்னம் ரயில் மேல ஆட விட்டார், கேத்தி ஸ்டேஷன்ல கமல் குட்டிக்கரணம் அடிச்சு நம்மளை அழ விட்டார்.

அதைவிட முக்கியமான ஒரு காரியத்தை இந்த ரயில் பண்ணுச்சு. அடிவார ராத்திரியை ரயில் பெட்டிக்குள்ள ஏத்திடுச்சு. ராத்திரி சென்னையில் ஏறிப் படுத்தா, காலையில மேட்டுப்பாளையத்துல கண்ணு முழிக்கலாம். எதிர் பிளாட்பாரத்துல மலை ரயில் புகை விட்டுக்கிட்டு நிக்கும். நீலகிரி எக்ஸ்பிரஸ் இன்னமும் அப்படித்தான் ஆறு மணி சுமாருக்கு வருது, ஏழு மணி சுமாருக்கு மலை ரயில் கிளம்புது. ரிசர்வேஷன் இருந்தா மேட்டுப்பாளையத்துல ஒரு நிமிஷம்கூடத் தூங்க வேண்டியதில்லை. ரிசர்வேஷன் இல்லாதவன் கதை வேற. அவன் முதல் நாளே வந்து ஸ்டேஷன் பக்கத்துல ஏதாவது லாட்ஜ்ல விழுந்து, விடியறதுக்கு முன்னாடி க்யூவில் நிக்கணும். உருளைக்கிழங்கு மண்டிக்கு வர்ற வியாபாரிங்களும் லாரி டிரைவருங்களும் இந்த ரயில் பைத்தியங்களும் ஒரே லாட்ஜ்ல பக்கத்துப் பக்கத்து ரூம்ல கிடப்பாங்க. அந்த லாட்ஜ்களும் இந்த ஏர்போர்ட் லாட்ஜும் ஒரே வம்சம். யாரும் அதுக்காகன்னு அந்த ஊருக்கு வர்றதில்லை. அடுத்த வண்டிக்காக வர்றாங்க.

இதையெல்லாம் நான் பாதி தூக்கத்துல அப்பாவிடம் சொல்லிக்கிட்டிருந்தேன். அவர் கட்டில்ல படுக்காம, ஓரமா உக்காந்திருந்தார். ஏசி நின்னிருந்தது (ரிசப்ஷன் தம்பி பொய் சொல்லலை). மணி பன்னிரண்டு இருக்கும். "பிளாட்பாரத்தை விட்டுட்டியே" என்றார்.

அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயசு. பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துல ஒரு தோட்டத்து லயத்துல. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒன்பதே முக்கால் லட்சம் மலையகத் தமிழர்களை ரெண்டு நாடும் பங்கு போட்டுக்கிட்ட ஒப்பந்தம். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம்னு தள்ளி வச்சு, 1974ல் ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டாங்க. பிரிக்கப்பட்டவங்களை ஒரு வார்த்தை கேட்கலை. தமிழ்நாட்டு அரசு இவங்களுக்கு வேலை கொடுக்கறதுக்காகவே 1968ல் நீலகிரியில் தேயிலை போட ஆரம்பிச்சது. அதுதான் பின்னால டான்டீ. காடாக் கிடந்த குன்னூர், கோத்தகிரி, கூடலூர் சரிவுகள் பலதும் தோட்டமானது இப்படித்தான்.

எங்க குடும்பம் வந்தது 1973ல். அப்பாவுக்கு அப்ப பத்து வயசு. தோட்டத்துலேருந்து கிளம்பின ரயிலுக்கு அங்கே ஒப்பாரிக் கோச்சின்னு பேரு. கோச்சின்னா ரயில். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அழுகை, அதனால அந்தப் பேர். தலைமன்னார்ல கப்பல், ராமேஸ்வரத்துல இறக்கம், மண்டபம் முகாம்ல சில நாள். அந்த முகாமும் ஒரு பெரிய தங்கல் இடம்தான். ஒரு காலத்துல இங்கேயிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போனவங்களை அடைச்சு வச்சு, அம்மை காலரா இருக்கான்னு பார்த்து அனுப்பின இடம். அப்பாவோட கொள்ளுத்தாத்தா போகும்போதும் அங்கேதான் இருந்திருக்கணும். நாலு தலைமுறை கழிச்சு வரும்போதும் அதே மணல்.

அங்கேயிருந்து ரயில் மாறி மாறி மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தப்ப சாயங்காலம் தாண்டிடுச்சாம். மேலே போற கடைசி பஸ் போயிட்டது. தாத்தா, அப்பாயி, அப்பா, அத்தைகள் ரெண்டு பேர், ஒரு தகரப் பெட்டி, ரெண்டு சாக்கு. லாட்ஜ் எல்லாம் யோசனையிலகூட வரலை. பிளாட்பாரத்துல படுத்தாங்க.

"தெரியாத ஊருல பயமா இல்லையாப்பா?"

"பயம் எங்களுக்கு இல்லை. அம்மாவுக்குத்தான். குடும்ப அட்டையை ரவிக்கைக்குள்ள வச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க உக்காந்தே இருந்தாங்க. அது தொலைஞ்சா வேலை கிடையாது, வீடு கிடையாது, நாம யாருன்னே சொல்ல முடியாதுன்னு மண்டபத்துல யாரோ சொல்லி அனுப்பியிருக்காங்க. போர்ட்டர் ஒருத்தர் வந்து, இங்கே படுக்கக்கூடாது, அந்தப் பக்கம் போங்கன்னார். அப்புறம் எங்க பேச்சைக் கேட்டுட்டு, 'சிலோனா?'ன்னார். போய் ஒரு சொம்புல டீ வாங்கிட்டு வந்து கொடுத்தார். தேயிலைத் தோட்டத்துலயே பிறந்து வளர்ந்தவன்டா நானு, அவ்வளவு நல்ல டீயை அன்னைக்குத்தான் குடிச்சேன். அங்கே எங்களுக்குக் கொடுத்தது தூசி."

அப்பாயி இந்தக் கதையை எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவங்க இறந்து பதினோரு வருஷம் ஆச்சு. மேலே வந்த பிறகு நடந்தது எல்லாம் சொல்லியிருக்காங்க. ஒழுகின தகரக் கூரை, முதல் குளிர்காலம், ஊருக்குள்ள 'அகதி'ன்னு கூப்பிட்டது. இத்தனைக்கும் அவங்க அகதி இல்லை, தாயகம் திரும்பியோர்னு சர்க்கார் காகிதத்துல அழகாப் போட்டிருந்தது. காகிதத்தை யார் படிச்சா? அந்த முதல் ராத்திரியை மட்டும் ஏன் விட்டுட்டாங்கன்னு தெரியலை.

நான் இத்தனை வருஷமா நீலகிரி சரித்திரம்னு படிச்சது எல்லாத்துலயும் சல்லிவன் இருந்தார், லாலி இருந்தார், பர்ட்டன் இருந்தார். குன்னூர் லைப்ரரியில ஒரு அலமாரி முழுக்க அவங்கதான். டோங்கா கட்டணம் எவ்வளவு, பங்களா வாடகை எவ்வளவு, எந்தப் பங்களாவில் கோழிக்கறி நல்லாயிருக்கும்ங்கிற வரைக்கும் வெள்ளைக்காரன் எழுதி வச்சிருக்கான். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி இதே அடிவாரம் வழியா மேலே ஏறியிருக்கு. அவங்க ஒரு ராத்திரியைப் பத்தி ஒரு பக்கம் எழுதணும்னு, அந்த வீட்டுலயே பிறந்த எனக்கே லாட்ஜ்ல ஏசி நின்ன அன்னைக்குத்தான் தோணியிருக்கு.

இப்ப மேலே போறதுக்கு 2024 மே மாசத்துலேருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும். கல்லாறு செக்போஸ்ட்ல கார்கள் வரிசையா நிக்கும். எங்க டிஎன் 43 வண்டிக்கு வேண்டாம். முந்தின நாள் சாயங்காலம் நாங்க இறங்கி வரும்போது அந்த வரிசையைப் பார்த்து அப்பா ரொம்ப நேரம் சிரிச்சுக்கிட்டிருந்தார். ஏன்னு அப்ப புரியலை.

மூணு மணிக்கு அலாரம் அடிச்சப்ப அவர் குளிச்சு, சட்டை போட்டு, தயாரா உக்காந்திருந்தார். சென்னை போய், அங்கேயிருந்து கொழும்பு. அம்பத்திரண்டு வருஷம் கழிச்சு முதல் தடவை. லயம் இருக்கா, இல்லை இடிச்சுட்டாங்களான்னு தெரியாது. ஹட்டன்ல பெரியம்மா மகன் ஒருத்தர் இருக்கார், ஸ்டேஷனுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கார். புது பாஸ்போர்ட்டை சட்டையோட உள்பாக்கெட்டில் வச்சு, மேலே ஊக்கு குத்தியிருந்தார்.

"பையில வைங்கப்பா, அங்கே எடுத்து எடுத்துக் காட்டணும்" என்றேன்.

"காட்டறப்ப எடுத்துக்கறேன்."

கீழே ரிசப்ஷன்ல அந்த ஏழு பேர் குடும்பம் சோபாவிலயும் தரையிலயும் தூங்கிக்கிட்டிருந்தது. பேரம் படியலை போல. பையன் மட்டும் முழிச்சுக்கிட்டு பெட்டி மேல உக்காந்திருந்தான். அப்பா சாவியைக் கொடுத்துட்டு, அந்தப் பையனைப் பார்த்து, "ரூம் நம்பர் 204 காலியாயிடுச்சு, பன்னிரண்டு மணி வரைக்கும் காசு கட்டியிருக்கு. உங்கம்மாவைக் கொஞ்சம் போய்ப் படுக்கச் சொல்லு தம்பி" என்றார். ரிசப்ஷன் தம்பி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். அப்புறம் சாவியை எடுத்து அந்தப் பையன் பக்கம் நகர்த்தி வச்சார்.